"இரு தரப்பும்" என்று சொல்லாதீர்கள்!

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைதிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. எங்கே நடந்தாலும் அந்தக் கூட்டம் ஒரே மாதிரிதான் நடக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் காலனிக்காரர்கள் ஐந்து பேர். அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் ஐந்து பேர். நடுவில் அதிகாரி. இரண்டு பக்கமும் சரிசமமாக நாற்காலி, சரிசமமாக டீ. எரிந்தது மட்டும் ஒரு பக்கத்து வீடுகள்.

"ரெண்டு தரப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க" என்றார் அதிகாரி. வீடு எரிந்த ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "எதய்யா சாமி வுட்டுக்குடுக்கறது? எரிஞ்சது போவ மிச்சம் நிக்கிற செவுத்தயா?"

யாரும் பதில் சொல்லவில்லை. "இரு தரப்பினரும் சுமுகமாகப் போவதாக ஒப்புக்கொண்டனர்" என்று தாளில் எழுதினார்கள். பாட்டியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

தோழர்களே, 2025 ஜூன் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்தக் கைநாட்டுதான் ஞாபகம் வந்தது. காசாவில் உடனடியாக, நிரந்தரமாகப் போரை நிறுத்து என்ற தீர்மானத்துக்கு 149 நாடுகள் ஆதரவு. 12 நாடுகள் எதிர்ப்பு. 19 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்த 19-ல் ஒன்று இந்தியா. அப்போது காசாவின் சுகாதாரத் துறைக் கணக்குப்படி இறந்தவர்கள் 55,000-ஐத் தாண்டியிருந்தார்கள். பேச்சுவார்த்தைதான் வழி, இரு தரப்பையும் நெருங்கி வரச் செய்ய வேண்டும் என்பது இந்தியா சொன்ன விளக்கத்தின் சாரம். இத்தனைக்கும் ஆறு மாதத்துக்கு முன், 2024 டிசம்பரில், இதே சபையில் போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்திருந்தது. இடையில் செத்தவர்களின் எண்ணிக்கை கூடியது, இந்தியாவின் குரல் குறைந்தது.

எதிர்க்கட்சிகள் கண்டித்தன, ஆளுங்கட்சி சமாதானம் சொன்னது. கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. "நமக்கு எதுக்குத் தோழர் இதெல்லாம்?" என்று நம் பிள்ளைகளே கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லுக்கு நடந்த சண்டை

வெளிநாட்டுப் போர் பற்றி நம் நாடாளுமன்றத்தில் நடக்கும் சண்டை பெரும்பாலும் ஒரு சொல்லுக்கான சண்டைதான். மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1971. கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் ராணுவம் மக்களைக் கொன்று குவிக்கத் தொடங்கியது மார்ச் 25 இரவு. ஆறே நாளில், மார்ச் 31 அன்று, பிரதமர் இந்திரா காந்தி கொண்டுவந்த தீர்மானத்தை நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அங்கே நடப்பது இனப்படுகொலைக்கு நிகரானது என்று அந்தத் தீர்மானமே சொன்னது. "இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும்" என்று சொல்லி ஒதுங்கவில்லை. அண்டை நாடு, அதன் உள்நாட்டு விவகாரம் என்ற தயக்கம் அன்று குறுக்கே நிற்கவில்லை.

2003. மார்ச் 20 அன்று அமெரிக்கா ஈராக் மீது போர் தொடுத்தது. வாஜ்பாய் அரசு "நடுப்பாதை" என்றது. காங்கிரசும் இடதுசாரிகளும் "கண்டிக்கிறோம்" என்ற சொல் வேண்டும் என்றார்கள். கடைசியில் ஏப்ரல் 8 அன்று மக்களவை ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தில் "நிந்தா" என்ற இந்திச் சொல் இருந்தது. ஆங்கிலத்தில் போகும்போது அது "டிப்ளோர்" ஆனது. அதாவது "வருந்துகிறோம்" என்பதற்கும் "கண்டிக்கிறோம்" என்பதற்கும் நடுவில் ஒரு சொல். "கண்டித்துவிட்டோம்" என்று எதிர்க்கட்சிகள் சொல்லிக்கொண்டன. "அவ்வளவு கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை" என்று வாஷிங்டனிடம் சொல்லிக்கொள்ள அரசுக்கும் வழி இருந்தது. மறுநாள், ஏப்ரல் 9 அன்று, பாக்தாத் விழுந்தது.

இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சொல்லும் வீண்போகவில்லை. சில வாரங்களில் அமெரிக்கா இந்தியப் படைகளை ஈராக்குக்குக் கேட்டது. ஜூலை 14 அன்று அரசு மறுத்தது. மறுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் நாடாளுமன்றமே ஒருமனதாகக் குறை சொன்ன போருக்கு வீரர்களை அனுப்பிவிட்டு எந்தப் பிரதமரும் அதே அவையில் நிமிர்ந்து நின்றிருக்க முடியாது. அரைகுறைச் சொல்லுக்கே அவ்வளவு வலு இருந்தது.

2013. இதுதான் நம் வயிற்றில் அடித்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து நான்கு ஆண்டு. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. கடைசிக் கட்டப் போரில் 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. ஜெனீவாவில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. தமிழ்நாடெங்கும் மாணவர்கள் தெருவில் இருந்தார்கள். மார்ச் 19 அன்று தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது. "இனப்படுகொலை" என்ற சொல்லோடு நாடாளுமன்றத்தில் தீர்மானம் வேண்டும், ஜெனீவா தீர்மானத்தில் திருத்தம் வேண்டும் என்பது கோரிக்கை.

மார்ச் 20 அன்று டெல்லியில் அனைத்துக் கட்சிக் கூட்டம். தமிழ்நாட்டுக் கட்சிகளைத் தவிர பெரும்பாலான கட்சிகள் ஒப்பவில்லை. பா.ஜ.க.வும் ஒப்பவில்லை. தீர்மானம் வரவே இல்லை. மறுநாள் ஜெனீவாவில் 25 நாடுகள் ஆதரவு, 13 எதிர்ப்பு, 8 நடுநிலை என்று அமெரிக்கத் தீர்மானம் நிறைவேறியது. இந்தியாவும் ஆதரித்தது. ஆனால் தமிழ்நாடு கேட்ட சொல் அதில் இல்லை.

இன்னொரு நாட்டின் மீது நாடாளுமன்றம் தீர்மானம் போடலாமா என்று தயங்கினார்களே, அதற்கு ஐந்தே நாள் முன்பு, மார்ச் 15 அன்று, இதே நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? அப்சல் குரு தூக்கிலிடப்பட்டது பற்றிப் பாகிஸ்தான் நாடாளுமன்றம் போட்ட தீர்மானத்தை நிராகரித்து இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றின. அதுவும் அண்டை நாடுதான். ஆக, தடுத்தது மரபு அல்ல. எரித்தவன் யார் என்பதைப் பார்த்துத்தான் தீக்குப் பெயர் வைக்கிறார்கள். எதிரி செய்தால் இனப்படுகொலை. நண்பன் செய்தால் "இரு தரப்பு".

இதில் ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. 2009 மே 27 அன்று, பிணங்கள் மக்கும் முன்பே, ஜெனீவாவில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா கைதூக்கியது. அப்போது காங்கிரஸ் ஆட்சி. 2014-ல் இலங்கை மீதான தீர்மானத்தில் நடுநிலை. அப்போதும் காங்கிரஸ் ஆட்சி. 2021-ல் நடுநிலை, 2022-ல் நடுநிலை. அப்போது பா.ஜ.க. ஆட்சி. தமிழ்நாட்டுக் கட்சிகள் மட்டும் யோக்கியமா? 2008 அக்டோபர் 14 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், இரண்டு வாரத்தில் போர் நிற்காவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று தீர்மானித்தது. இரண்டு வாரம் போனது, போர் நிற்கவில்லை, எம்.பி.க்களும் விலகவில்லை. நம்மவர்களையும் விட்டுவிடக் கூடாது. 2009 ஜனவரியில் ஈழத்துக்காகப் பட்டினி கிடந்த அண்ணன் திருமாவளவன், அதே ஆண்டு காங்கிரஸ் இருந்த கூட்டணியில் நின்றுதான் சிதம்பரத்தில் வென்றார். அவருக்கு அதற்கான காரணங்கள் இருந்திருக்கும். நமக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் இருக்கிறது.

சொல்லுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

இதைச் சட்டம் படிக்கும் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சிலருக்கு "வெறும் வார்த்தைக்கு ஏன் இந்தக் கூத்து" என்று தோன்றும். காலனியில் பிறந்தவனுக்கு அப்படித் தோன்றக் கூடாது.

நம் தெருவில் வந்து அடித்தால் காவல் நிலையத்தில் முதலில் என்ன எழுதப் பார்க்கிறார்கள்? "இரு தரப்பினரிடையே வாய்த்தகராறு, கைகலப்பு." நாம் என்ன எழுதச் சொல்லி உட்காருகிறோம்? "வன்கொடுமை." ஏன் விடிய விடிய உட்காருகிறோம்? 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவானால், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரித்தாக வேண்டும். முன்ஜாமீனுக்குத் தடை. பாதிக்கப்பட்டவருக்கு அரசு நிவாரணம் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு சொல் அரசின் தலையில் கடமையைக் கொண்டுவந்து ஏற்றுகிறது. அதனால்தான் எழுதத் தயங்குகிறார்கள். அதனால்தான் நம் ஆட்கள் மீதே எதிர்வழக்குப் போட்டு, "ரெண்டு பக்கமும் கேஸ் இருக்கு, ராஜியாப் போயிடுங்க" என்கிறார்கள்.

இனப்படுகொலை என்ற சொல்லும் அப்படித்தான். 1948-ல் ஐ.நா. கொண்டுவந்த இனப்படுகொலை உடன்படிக்கையை இந்தியா 1959-ல் ஏற்று உறுதிசெய்தது. அதில் சேர்ந்த நாடுகள் இனப்படுகொலையைத் தடுக்கவும் தண்டிக்கவும் கடமைப்பட்டவை. தடுக்கும் கடமையிலிருந்து தப்ப எளிய வழி, நடப்பதற்கு அந்தப் பெயரை வைக்காமல் இருப்பது. டெல்லியில் வெளியுறவுத் துறை செய்வதும் இங்கே ரைட்டர் செய்வதும் ஒரே வேலைதான். இவர் நல்ல ஆங்கிலத்தில் செய்கிறார், அவர் கார்பன் தாள் வைத்துச் செய்கிறார்.

ஒரு நியாயமான கேள்வி வரும். புலிகள் குற்றமே செய்யவில்லையா? செய்தார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியது குற்றம். பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்தது குற்றம். கடைசி நாட்களில் மக்களைத் தப்பவிடாமல் தடுத்தது குற்றம். ஐ.நா. நிபுணர் குழு அதையும் எழுதியது, ராணுவம் மருத்துவமனைகள் மீது குண்டு போட்டதையும் எழுதியது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்ததும் குற்றம்தான். யார் செய்த குற்றமானாலும் பெயர் சொல்லி எழுதட்டும். நாம் அதைத்தான் கேட்கிறோம். யார் செய்ததையும் எழுதாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே "இரு தரப்பும்" என்று சீட்டு ஒட்டுவது வேறு. பெயர் சொல்லி எழுதினால் அது விசாரணைக்குப் போகும். மூட்டை கட்டினால் ராஜிக்குத்தான் போகும்.

"உள் விவகாரம்"

இலங்கை அரசு ஜெனீவாவில் எப்போதும் சொல்வது ஒன்றுதான். இது எங்கள் உள் விவகாரம், வெளியார் தலையிடக் கூடாது. இந்தியாவால் அதை ஏன் உரக்க மறுக்க முடியவில்லை?

2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தது. சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் போய் நின்றன. இந்திய அரசு என்ன சொன்னது? சாதி வேறு, இனவெறி வேறு. அதை நாங்களே பார்த்துக்கொள்வோம். இது எங்கள் உள் விவகாரம். இறுதி ஆவணத்தில் சாதி என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டது.

ராஜபக்சே அரசு சொன்னதும் இந்திய அரசு டர்பனில் சொன்னதும் ஒரே வாக்கியம். நம் சேரியைப் பற்றி உலகம் கேட்கக் கூடாது என்று கதவைச் சாத்தியவர்கள், முள்ளிவாய்க்காலுக்காக அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்களா? தட்டினால் நாளைக்கு நம் கதவையும் தட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே வெளிநாட்டுப் போரில் இந்தியா காட்டும் நடுநிலைக்கும் சேரிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லாதீர்கள். உள்ளே மூடி வைத்திருப்பதைக் காக்கத்தான் வெளியே வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்து மௌனம்

இனி நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. 2013 மார்ச்சில் நானும் கல்லூரி மாணவன். நானும் சாமியானாப் பந்தலில் உட்கார்ந்தேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். அதற்கு நான்கு மாதம் முன்புதான், 2012 நவம்பர் 7 அன்று, தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தியிருந்தார்கள். ஒரு தலித் பையனும் ஒரு வன்னியர் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டதுதான் சாக்கு. கோரிக்கைப் பட்டியலில் தர்மபுரியையும் ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். பக்கத்தில் இருந்த தோழர் என் கையைப் பிடித்து, மெதுவாகச் சொன்னார்: "அது லோக்கல் பிரச்சனை மச்சான். இப்ப வேணாம். ஒத்துமை கெட்டுப்போயிடும்."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவரும் "உள் விவகாரம்" என்றுதான் சொன்னார். கொழும்பு சொன்னபோது எங்களுக்குக் கோபம் வந்தது. பந்தலுக்குள் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். அந்த வரி சேரவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2015 ஆகஸ்ட் 15. சங்கராபுரம் பக்கம் சேஷசமுத்திரம். நம் மக்களின் மாரியம்மன் தேர் பொதுத்தெருவில் போகக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் இழுபறி, பேச்சுவார்த்தை. சுதந்திர தினத்தன்று தேரையே கொளுத்தினார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். பெட்ரோல் குண்டு வீசினார்கள். பாதுகாப்புக்கு நின்ற போலீசும் அடிபட்டது. பின்னால் "இரு பிரிவினரிடையே மோதல்" என்ற பேச்சும் வந்தது. தேர் யாருடையது? ஒரு பிரிவினருடையது. தீ யாருடையது? அதைச் சொல்ல அந்த வாக்கியத்தில் இடமில்லை.

முள்ளிவாய்க்காலுக்குச் சொல்லைத் தேடியவர்கள் சேஷசமுத்திரத்துக்கும் சொல்லைத் தேடியிருக்க வேண்டும். தேடாதவர்களின் தமிழ்ப்பற்றை நான் நம்ப மாட்டேன். அதேபோல், "கருணாபுரத்துல சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க, அதைப் பேசாம காசாவைப் பத்தி என்ன பேச்சு" என்று கேட்கும் நம் தோழர்களையும் நான் ஏற்க மாட்டேன். ஒன்றைப் பேசினால் இன்னொன்று குறைந்துவிடும் என்பது அவர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு.

அண்ணல் அம்பேத்கர் அந்தக் கணக்கைப் போடவில்லை. 1951-ல் அமைச்சர் பதவியைத் துறந்தபோது அவர் சொன்ன காரணங்களில் பட்டியல் சாதியினரை அரசு புறக்கணித்ததும் இருந்தது, வெளியுறவுக் கொள்கையும் இருந்தது. ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது என்று கணக்குச் சொன்னார். பட்டினிக்கும் வெளியுறவுக்கும் உள்ள முடிச்சை அவர் அவிழ்த்துக் காட்டினார். 1954-ல் மாநிலங்களவையில் எழுந்து நேருவின் வெளியுறவுக் கொள்கையைத் தோலுரித்தார். அவர் சொன்ன எல்லா முடிவோடும் நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் "இது பெரியவங்க விஷயம், நமக்கு எதுக்கு" என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

வெளியுறவு நம்மைத் தொடாமல் போனதும் இல்லை. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன அந்த மக்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகள்தான். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய சட்டமும் இல்லை. இன்றும் வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடவோ, ஐ.நா.வில் கைதூக்கவோ, மடக்கவோ, அரசு நாடாளுமன்றத்தின் அனுமதியைக் கேட்க வேண்டியதில்லை.

1971-ல் வங்காளத்து மக்களின் விடுதலைக்காக டெல்லி தீர்மானம் போட்டபோது, நம் கல்வராயன் மலை மக்கள் இன்னும் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தார்கள். 1976-ல்தான் அரசு அந்த மலையை எடுத்துக்கொண்டது. தூரத்து அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தது, பக்கத்து அநியாயம் தெரியவில்லை. இப்போது தூரத்து அநியாயமும் தெரியவில்லை. இரண்டையும் தெரிய வைக்க வேண்டியது நம் வேலை.

கேட்க வேண்டிய கேள்வி

கோபப்பட்டால் மட்டும் போதாது, வழியும் தெரிய வேண்டும். மக்களவையில் விதி 193 என்று ஒன்று இருக்கிறது. அதில் விவாதம் உண்டு, வாக்கெடுப்பு கிடையாது. 2022 ஏப்ரலில் உக்ரைன் போர் பற்றி அந்த விதியில்தான் பேசினார்கள். எல்லாரும் பேசினார்கள், அமைச்சர் பதில் சொன்னார், கலைந்தார்கள். விதி 184 வேறு. அதில் தீர்மானம் உண்டு, வாக்கெடுப்பு உண்டு. யார் எந்தப் பக்கம் என்பது பதிவாகும். "நாங்க பேசினோம்" என்று எந்த எம்.பி. சொன்னாலும் அடுத்த கேள்வி இதுவாக இருக்கட்டும்: எந்த விதியில்? வாக்கெடுப்பு கேட்டீர்களா? தீர்மானத்தில் எந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தீர்கள்?

கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். சங்கராபுரம், ரிஷிவந்தியம் போக மற்ற நான்கும் தனித்தொகுதி: கள்ளக்குறிச்சி, கெங்கவல்லி, ஆத்தூர், பழங்குடியினருக்கான ஏற்காடு. இவ்வளவு பேர் நாம் இருக்கிற தொகுதியிலிருந்து போகிறவர், யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், நம்மிடம் இந்தக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். சாலை கேட்டு மனு கொடுக்கும்போது கூடவே இந்தக் கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். சிரிப்பார்கள். அம்பேத்கரைப் பார்த்தும் சிரித்தார்கள்.

நமக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். காசாவுக்காகப் பதாகை எழுதினால் அதே பதாகையில் நம் மாவட்டத்தில் கடைசியாக எரிந்த தெருவின் பெயரையும் எழுதுங்கள். யாராவது கையைப் பிடித்து "ஒத்துமை கெட்டுப்போயிடும்" என்றால், நான் 2013-ல் தலையாட்டியதுபோல் தலையாட்டாதீர்கள். தெருவின் பெயரைச் சொன்னதும் கெட்டுப்போகிற ஒற்றுமை நமக்கு எதற்கு?

அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவர் கைநாட்டு வைத்த தாள் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். அதில் அவருடைய பெயர் இருக்கும், அவர் கேட்ட கேள்வி இருக்காது. அதை நாம் எழுதுவோம்.

ஜெய்பீம்.